புத்தகத்தில் இருக்கிற ஆள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை என் காரை விற்றேன். வாங்க வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர். காரைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் துரு பார்த்தார், தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நான் கேட்ட விலையை அப்படியே தந்தார். பேரம் பேசாமல் வாங்குபவரைக் கண்டால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். அது முடிந்ததும் அவர் தன் மேற்சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்குறூ ட்ரைவரை எடுத்து, காரின் முன்னால் குந்தி, நம்பர் பிளேட்டைக் கழற்றத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்பக்கத்துப் பிளேட்டையும் கழற்றி, இரண்டையும் துடைத்து என் கையில் தந்தார். "வேண்டாம், நீங்களே வைத்திருங்கள், எல்லாம் சேர்த்துத்தான் விலை" என்றேன், தாராளமாக. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினான்கு வருடமாக இந்த நாட்டில் கார் ஓடுகிறேன், ஆனால் விற்பது இதுதான் முதல் தடவை. முந்தின கார் நெடுஞ்சாலையிலேயே உயிரை விட்டது. கிழவர் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "கார் எனக்கு. இந்தத் தகடு உனக்கு. இதை வைத்துக்கொண்டு நான் எங்காவது போய் ஒருவரை இடித்தால், உன் கதவைத்தான் பொலிஸ் தட்டும்." நான் தகடுகளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் கலங்கியதை அவர் கண்டார். காரைப் பிரியும் துக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். தோளில் தட்டி, நல்லபடியாக வைத்திருப்பேன் என்று வாக்குத் தந்துவிட்டுப் போனார்.

நான் கலங்கியது அந்தக் காருக்காக அல்ல. தர்மபுரத்தில் இருக்கும் என் தங்கை வசந்தியின் வான், இரண்டு மாதத்துக்கு மேலாக ஒரு பொலிஸ் வளவில் நிற்கிறது. அவளுடைய புருசன் குமாருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் வவுனியாவுக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்தால்தான் உயிரோடு இருப்பான். அந்த வானில்தான் வசந்தி அவனைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். ஓட்டுவதும் அவள்தான். மற்ற நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி, அந்த வருமானத்தில் குடும்பத்தை நடத்தினாள். இப்போது வானை வெளியே எடுக்க ஒரேயொரு ஆளின் கையொப்பம் வேண்டும். அந்த ஆள் இங்கே, கனடாவில், நான் இருக்கும் ஒஷாவாவிலிருந்து முக்கால் மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறார். அவரால் கையொப்பம் வைக்க முடியாது. வை என்று சொல்ல என்னாலும் முடியவில்லை. ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல ஒரு காதை அங்கே விட்டுவிட்டு வந்து இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

இங்கே பழைய கார் வாங்க இரண்டு வழி. ஒன்று டீலர். கொடி பறக்கும் முற்றம், மினுக்கித் துடைத்த கார்கள், கொதிக்கக் கொதிக்கக் கோப்பி, உங்கள் பெயரை மூன்று தரம் சரியாகச் சொல்லிப் பழகும் விற்பனையாளர். விலையைக் குறைக்கச் சொன்னால் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் இருக்கும் மனேஜரிடம் போவார். உள்ளே இரண்டு பேரும் ஹொக்கி பற்றிக் கதைத்துச் சிரிப்பது வெளியில் தெரியும். பிறகு சண்டை பிடித்துக் குறைத்த களைப்போடு திரும்பி வருவார். மற்றது தனியாரிடம் நேரே வாங்குவது. விலை குறைவு, ஆனால் வாங்கின பிறகு நீங்களும் ஆண்டவனும்தான். என் முதற்காரை அப்படித்தான் நம்மவர் ஒருவரிடம் வாங்கினேன். "என்ர மனுசி கோயிலுக்கு மட்டும் ஓடின கார்" என்றார். அவருக்குக் கலியாணமே ஆகவில்லை என்று பிறகு அறிந்தேன். ஏலத்தில் கார்களை எடுத்து, தெரிந்தவர் வீட்டு வாசலில் நிறுத்தி, சொந்தக் கார் என்று விற்பதுதான் அவர் தொழில். அப்படியிருந்தும் ஒரு விசயத்தில் அவர் என்னை ஏமாற்ற முடியவில்லை. தனியார் விற்பனைக்கு இங்கே அரசாங்கத்திடம் வாங்கிக் கொடுக்க வேண்டிய ஒரு விபரக்கோவை இருக்கிறது. அந்தக் கார் இந்த மாகாணத்தில் யார் யார் பெயரில் இருந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். மனுசி பொய்யாகலாம், பெயர் பொய்யாகாது. இந்த வசதிக்கு நான் மெல்ல மெல்லப் பழகிப்போனேன். ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்று என் மூளை எப்போது நினைக்கத் தொடங்கியது என்று தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் குமாருக்கு வருத்தம் முற்றியபோது, ஒரு சின்ன வான் வாங்குவதென்று முடிவெடுத்தோம். வசந்தி முதலில் வவுனியாவில் ஒரு வாகனச் சேலுக்குப் போனாள். அங்கே டீலரின் முற்றத்துக்குச் சேல் என்றுதான் பெயர். அங்கும் மினுக்கம்தான், சில்லுகளுக்குக் கறுப்புப் பூசி வைத்திருந்தார்களாம். கதிரை போட்டு, சோடா கொடுத்து, "அக்கா, முழுக்காசும் தேவையில்லை, மிச்சத்துக்கு நாங்களே லீசிங் செய்து தாறம்" என்றார்களாம். வசந்தி சோடாவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். எங்கள் ஒழுங்கையில், தவணைக் காசு கட்டவில்லையென்று ஒரு வீட்டு உழவு இயந்திரத்தை லீசிங்காரர் வந்து, அயலெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க இழுத்துக்கொண்டு போனதை அவள் கண்டவள். "அண்ணா, சேல்ல எடுத்தா லீசிங்கும் பின்னால வரும். இவர் இருக்கிற நிலையில வாசலில ஆக்கள் வந்து நிண்டு கத்தினா என்னால ஏலாது" என்றாள். அவள் சொன்னது சரி. நான் அனுப்பக்கூடியதற்குள் நேரே யாரிடமாவது வாங்குவோம் என்றேன்.

பரந்தன் சந்திக்குக் கிட்ட இரும்புக்கடை வைத்திருக்கும் மூர்த்தி என்பவரிடம் எவ்ரி ரகச் சின்ன வான் ஒன்று இருந்தது. வசந்தி அதைக் காணொளியில் எனக்குக் காட்டினாள். வெள்ளை நிறம், வலப்பக்கக் கதவில் ஒரு நெளிவு. முன்கண்ணாடியில் இடப்பக்கம் பிள்ளையார், அதற்குக் கீழே 786 என்று ஒரு பச்சை ஸ்டிக்கர், நடுவில் வேல். எங்கள் பக்கத்தில் வாகனம் கை மாறும்போது பழையவர் ஒட்டின சாமியை யாரும் உரிப்பதில்லை. உரித்தால் வாகனத்தின் ராசி போய்விடும் என்று ஒரு பயம். புதியவர் தன் சாமியைப் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார். ஆகவே எத்தனை பேர் கைபட்ட வான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லலாம். பிள்ளையார்க்காரர் முதலில், அவரிடம் வாங்கின முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி அடுத்தது, மூன்றாவது மூர்த்தி. ஆனால் உரிமையாளரைப் பதியும் வாகனப் புத்தகத்தில் இருந்தது ஒரே பெயர்தான். முதல் ஆளின் பெயர், ரவீந்திரன். மற்ற இருவரும் ஓப்பின் பேப்பரில் ஓடியிருக்கிறார்கள். விற்பவர் உரிமைமாற்றத் தாளில் தன் கையொப்பத்தை மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பதுதான் ஓப்பின் பேப்பர். அந்தத் தாளும் வானோடு சேர்ந்து கைமாறிக்கொண்டே போகும்.

"தங்கச்சி, பேரை மாத்தினா புத்தகத்தில ஓனர் ஒண்டு கூடும். நாளைக்கு விக்கேக்க விலை விழுந்திடும். இப்பிடியே ஓடுங்கோ, நானும் இப்பிடித்தான் ஓடினனான்" என்று மூர்த்தி சொன்னார். அவர் கள்ளர் அல்ல. எல்லாரும் செய்வதைச் சொன்னார். வசந்திக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அரசாங்கம் கொடுக்கும் நிவாரணக் காசில்தான் குமாரின் மருந்துச் செலவு கொஞ்சம் ஒப்பேறியது. வாகனம் ஒன்று பெயரில் ஏறினால், வசதியான குடும்பம் என்று அதை வெட்டிவிடுவார்கள் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ஆகவே அவள் தன் பெயரை எழுதவில்லை. அவள் முன்கண்ணாடியில் ஒரு சின்ன முத்துமாரியம்மன் படத்தை மட்டும் ஒட்டினாள்.

இதில் எங்கள் அப்பாவின் கையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அப்பா ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஒரு கலவரத்துக்குப் பிறகு, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டி, தர்மபுரத்தில் குடியேறியவர்களில் ஒருவர். அதற்கு முன்பே எந்த நாட்டுப் புத்தகத்திலும் அவர் பெயர் இருக்கவில்லை. இந்தியாவும் எழுதவில்லை, இலங்கையும் எழுதவில்லை. பிரஜாவுரிமைக்காக அவர் ஏறி இறங்கின கந்தோர்களைப் பற்றிக் கதைத்தால், நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு வெளியில் போய்விடுவார். "பேர் எழுதுற எடத்துக்கு மட்டும் போகாதீங்கடா, எழுதுனாலும் வம்பு, எழுதாட்டியும் வம்பு" என்பார் தன் மலைநாட்டுப் பேச்சில். நாங்கள் வன்னிப் பேச்சுப் பேசி வளர்ந்தோம். அந்தப் பயம் மட்டும் அவருடையதாகவே எங்களிடம் தங்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு வந்தது. குமாரைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுபோன வசந்திக்கு அலுமாரியின் கீழ்த்தட்டு ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஓப்பின் பேப்பரை எடுத்தபோது ரவீந்திரனின் கையொப்பம் கரைந்து நீலக் கறையாக இருந்தது. வான் ஓடிக்கொண்டிருந்ததால் அதை ஒரு பெரிய இழப்பாக அவள் நினைக்கவில்லை. பிறகு ஒரு நாள் பின்னேரம், வவுனியாவிலிருந்து திரும்பும்போது, பரந்தனுக்கு முன்னால் ஒழுங்கையொன்றிலிருந்து பாய்ந்து வந்த மோட்டச்சைக்கிள் வானின் பக்கத்தில் மோதியது. ஓட்டி வந்த பெடியனுக்குக் கால் முறிந்தது. நல்ல காலம், உயிருக்கு ஒன்றுமில்லை. பிழை தன்னுடையதென்று அவனே சொல்லிவிட்டான். இருந்தாலும் வழக்கு வழக்குத்தானே. வசந்திக்குப் பிணை கிடைத்தது. வானுக்குக் கிடைக்கவில்லை.

"அண்ணா, வானைத் தரமாட்டினமாம். புத்தகத்தில இருக்கிற ஆள் வரட்டாம்."

"நீ ஓட்டுற வானெண்டு எல்லாருக்கும் தெரியுந்தானே."

"தெரியுமாம். ஆனா நான் ஆரெண்டு கேக்கினம்."

சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். வான் யாரிடம் இருந்ததோ அவரிடமே கொடுக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டார். தவணைக்கு மேல் தவணை போகிறது. முல்லைத்தீவு வியாபாரி புத்தளத்துக்குப் போய்விட்டார், அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. நிச்சயமான வழி ஒன்றுதான் என்றார் சட்டத்தரணி. பதிவுகாரர் வெளிநாட்டில் என்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் போய், வசந்தியின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். அவருக்குப் பதிலாக அவள் நடவடிக்கை எடுக்கலாம் என்ற அதிகாரம் அது.

அதுவரை பஸ். தர்மபுரத்திலிருந்து பரந்தனுக்கு ஒன்று, அங்கே இறங்கி வவுனியாவுக்கு இன்னொன்று. சுத்திகரிப்பு முடிந்து வரும்போது குமாருக்குத் தலை நிற்காது, வாந்தி வரும். இருக்கக் கதிரை கிடைக்காத நாளில் வசந்தி ஆரையாவது கெஞ்சி எழுப்புவாள். சில நாள் கொண்டக்டர் ஆளின் கோலத்தைக் கண்டு, வழியில் ஏதும் நடந்துவிடுமோ என்று ஏற்ற மறுத்துவிடுவார். கூலிக்கு வாகனம் பிடித்துப் போக எத்தனை நாளைக்குத்தான் முடியும். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும். இரண்டு தடவை தவறினபோது நெஞ்சுக்குள் ஏறி, மூச்சுவிட முடியாமல் இரவோடிரவாக அம்புலன்சில் கொண்டுபோனார்கள். ஒஷாவாவில் நான் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். தொலைபேசி நடுங்கும் ஒவ்வொரு தடவையும் குமார் செத்துவிட்டான் என்றுதான் எடுப்பேன்.

மூர்த்திதான் சொன்னார், ரவீந்திரன் கனடாவில் என்று. எனக்கு ஒரே சந்தோசம். இந்த நாட்டில் ஒரு கிளிநொச்சிக்காரரைக் கண்டுபிடிக்க யாரும் துப்பறியத் தேவையில்லை, இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்தால் போதும். மூன்றாவது அழைப்பில் அவரே கதைத்தார். ஸ்காபறோவில் ஒரு கோப்பிக் கடையில் சந்தித்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவுகிறார், கைவிரல் நுனிகள் வெளிறி ஊறிப்போயிருந்தன. நான் வானின் படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

"பிள்ளையார் இன்னும் இருக்கிறார் என்ன. அண்ணை, அந்த வலப்பக்கக் கதவு இப்பவும் இழுத்து அடிச்சாத்தான் பூட்டுமோ?"

"ஓமாம். தங்கச்சி சொல்லுறவள்."

"சேல்ல எடுத்தது. லீசிங் கட்டி முடிச்சு, புத்தகம் கைக்கு வந்த அண்டைக்கு அம்மா பொங்கிப் படைச்சவா. என்ர பேரில எழுதின முதல் சாமான் அண்ணை அது."

பிறகு தேவையைச் சொன்னேன். தூதரகம் என்ற சொல் வந்ததும் அவர் கோப்பியைக் கீழே வைத்தார். மெல்லிய குரலில், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வானை ஹயருக்கு ஓடின காலத்தில், யாரை ஏற்றினாய், எங்கே இறக்கினாய் என்று கேட்டுப் புலனாய்வு ஆட்கள் வந்தார்கள். ஒரு தடவை கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அவர் ஏற்றினது கூலிக்கு வந்தவர்களைத்தான், யாரென்று கேட்டு ஏற்றுகிறவர் எந்தச் சாரதி. மூன்றாம் தரமும் வந்தபோது, கிடைத்த விலைக்கு வானை முல்லைத்தீவு வியாபாரியிடம் தள்ளிவிட்டு வெளிக்கிட்டார். பெயர் மாற்ற நின்றால் கந்தோரில் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஓப்பின் பேப்பரில் கையொப்பம் வைத்தார். இங்கே அகதி வழக்குப் போட்டிருக்கிறார், விசாரணை வரப்போகிறது. அந்த வழக்கின் நடுவிலேயே அந்த வான்தான் நிற்கிறது.

"அந்த அரசாங்கத்துக்குப் பயந்து வந்தனான் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன். அவையின்ர கந்தோருக்கே போய், அதே வானுக்குச் சைன் வைச்சா, உனக்கு என்ன பயமெண்டு இஞ்ச கேப்பினம். என்ர கேஸ் அதோட முடிஞ்சுது. அங்க அம்மா தனிய இருக்கிறா. விலாசம் கேப்பினம். அண்ணை, குறை நினைக்காதேங்கோ."

நான் குறை நினைத்தேன். அதை மறைத்து என்ன பயன். வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். குமாரின் வீங்கின காலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வசந்தியைக் கேட்டு, அதை ரவீந்திரனுக்கு அனுப்பினேன். அம்புலன்சில் கொண்டுபோன அன்றும் அனுப்பினேன். மறுநாள் காலை அவரே எடுத்தார். "அண்ணை, வாறன். கூட்டிக்கொண்டு போங்கோ."

வேலைக்குப் போகாமல், அவரை ஏற்றப் போனேன். வழித்துச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்போலப் படியில் காத்து நின்றார். வழி முழுக்க வானைப் பற்றித்தான் கதைத்தார். மூன்றாம் கியர் இறுகும், ஆனையிறவுக் காற்றில் அது ஒரு பக்கமாக இழுக்கும், தங்கச்சியைக் கவனமாக ஓடச் சொல்லுங்கோ என்றார். வான் நாளைக்கே வெளியே வந்துவிடும்போல இருந்தது எனக்கு. தூதரகம் இருக்கும் கட்டடத்தின் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். அவர் ஆசனப் பட்டியைக் கழற்றவில்லை.

"உள்ள கமரா இருக்குமோ?"

"இருக்கும்."

"பேரைச் சொன்ன உடன கொம்பியூட்டரில அடிச்சுப் பாப்பினமோ?"

"தெரியாது."

பிறகு, குற்றம் சொல்லும் தொனியில்லாமல், அறிந்துகொள்ளும் ஆசையில் கேட்பதுபோலக் கேட்டார். "அண்ணை, உங்கட கேஸ் முடிய முன்னம் நீங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்தனீங்களோ?"

நான் வரவில்லை. என் அகதி வழக்கு ஐந்து வருடம் இழுபட்டது. அந்தக் காலத்தில் இந்தத் தெருவால்கூட நான் போனதில்லை. அப்பா செத்தபோது வசந்தி அழுது கேட்டாள், எந்தப் பயணப் பத்திரமாவது எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் அண்ணா என்று. நான் ஒரு களஞ்சியத்தின் பின்கதவில் நின்று, கைத்தொலைபேசியில் அவர் சிதைக்குப் போவதைப் பார்த்தேன். நான் எதற்காக வராமல் இருந்தேனோ, அதைத்தான் இந்த மனிதனைச் செய்யச் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறேன். அவருடைய வெள்ளைச் சட்டையின் கக்கத்தில் வியர்வை வட்டமாகப் படர்ந்திருந்தது. நான் காரை ஸ்டார்ட் செய்து தரிப்பிடத்தை விட்டு வெளியே எடுத்தேன்.

"அப்ப தங்கச்சி?" என்று இரண்டு சிக்னல் தாண்டியதும் கேட்டார். நான் பாதையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

வசந்தி எனக்காகத் தூங்காமல் காத்திருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சைன் வைச்சாச்சோ அண்ணா?"

"இல்லை. வந்தவர், நான்தான் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனனான்." என்னால் முடிந்தவரை விளங்கப்படுத்தினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அவர் உங்களுக்கு ஆர் அண்ணா?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப இவர் உங்களுக்கு ஆர்?"

தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு நான் எடுத்தபோதெல்லாம் அது அடித்து ஓய்ந்தது. நான் செய்தது சரியா என்று இங்கே பலரிடம் கேட்டேன். சரி என்றவர்கள் எல்லாம் கனடாக் குடியுரிமை எடுத்தவர்கள். பிழை என்றவர்களும் அவர்கள்தான். ரவீந்திரனுக்கு இன்னும் விசாரணை முடியவில்லை. அவர் என் பெயரைக் கண்டால் தொலைபேசியை எடுப்பதில்லை, கோபத்தில் அல்ல, வெட்கத்தில் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான். ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொரு உயிரை அடகு வைக்கக் கேட்டவன் நான், பிறகு அந்த அடகையும் பாதியில் மீட்டுக்கொண்டு, தங்கையைக் கைவிட்டவனும் நான். என்ன செய்தாலும் நெஞ்சு அறுக்கிறது. அதனால்தான் காரை விற்றேன். அந்தக் காசில் வவுனியாவில், ஆசுபத்திரிக்குக் கிட்ட, அவர்களுக்கு ஒரு அறை எடுக்கலாம் என்று மூர்த்தி மூலம் சொல்லி அனுப்பினேன். வசந்தி காசை ஏற்றுக்கொண்டாள். தர்மபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, குமாரோடு வவுனியாவுக்குப் போய்விட்டாள். அவள் ஏற்றின பள்ளிக்கூடப் பிள்ளைகளை இப்போது வேறொரு வான் ஏற்றுகிறது. அப்பா மலையிலிருந்து வந்து வெட்டின காணியில் இன்று யாரும் இல்லை.

இன்று காலை வேலைக்குப் போகப் பஸ் தரிப்பில் நின்றேன். தொலைபேசி அடித்தது, வசந்தி. அவ்வளவு நாளுக்குப் பிறகு அவளாக எடுத்ததும், குமார் போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"இவருக்கு இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை. தலகணி வேணுமெண்டு கேட்டார். அது வானுக்குள்ள கிடக்கு. அதுதான் பஸ்ஸில வந்தனான். எடுக்கலாமோ எண்டு பொலிசில கேட்டனான், விட்டவை. இப்ப வானுக்குள்ளதான் இருக்கிறன்."

"எங்க இருக்கிறாய்?"

"ஓட்டுற சீற்றில. சும்மா ஏறி இருந்தனான். புல்லு சில்லு மட்டத்துக்கு வந்திட்டுது அண்ணா. உள்ள ஒரு பிள்ளையின்ர தண்ணிப் போத்தல் கிடக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கோபத்தில் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்போது கண்ணாடியில் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல் சிங்களத்தில் ஏதோ கேட்டது.

"புதுசா வந்த பொலிஸ்காரர் போல. ஆற்ற வானெண்டு கேக்கிறார். என்னெண்டு சொல்ல?"

"உன்ரயெண்டு சொல்லு."

"மகே" என்றாள் அவள், என்னுடையது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சிங்களச் சொல்லில். அவள் அதைச் சத்தமாக, தெளிவாகச் சொன்னாள். எனக்கு முன்னால் என் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. ஒரு காலைப் படியில் வைத்தேன், மற்றக் கால் நடைபாதையில் நின்றது. ஏறினால் இரைச்சலில் அவள் குரல் கேட்காது. ட்ரைவர் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் அந்த ஆண் குரல் மறுபடியும் ஒரு சிறிய கேள்வி கேட்டது.

"அண்ணா" என்றாள் என்னிடம், "பேர் கேக்கிறார்."